அம்பு ஒட்டாத பக்கம்

நேற்று திருப்பூர் காதர்பேட்டையில் என் மகளுக்கு ஒரு பனியன் வாங்கினேன். ஏற்றுமதியில் மிஞ்சியது. மார்பில் ஒரு ரோபோ, ஒற்றைக் கண், கையில் ஒரு பூ. வீட்டுக்கு வந்து துவைக்கப் போடுமுன் உள்பக்கம் திருப்பினேன். இடுப்பு மடிப்புக்குச் சற்று மேலே ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு ஸ்டிக்கர். அதன் நுனி காட்டிய இடத்தில் ஓர் ஊசி ஓட்டை. செக்கிங் மேசையில் யாரோ ஒரு பெண் அதைப் பார்த்திருக்கிறாள், அம்பை ஒட்டியிருக்கிறாள், தள்ளி வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. குறையும் அம்பும் சேர்ந்தே கடைக்கு வந்துவிட்டன.

உரிக்கலாம் என்று நகத்தை வைத்தேன். வைத்த நகம் அங்கேயே நின்றுவிட்டது. மகள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, டேமேஜா?" என்றாள். "ஆமா சாமி" என்றேன்.

நீ போய் நான்கு வருடம் ஆகிறது. நீ இங்கிருந்து ஊருக்குத் திரும்பி உயிரோடு இருந்த பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களில் உனக்கு ஒரு வரி எழுதாதவள் இப்போது உட்கார்ந்து எழுதுவதில் எந்தப் பெருமையும் இல்லை. பதில் வராது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்று நீ நினைத்தால் அதையும் மறுக்க மாட்டேன்.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. நான் ஊத்துக்குளி ரோட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். இயற்பியல் படித்துவிட்டு, என் ஊர் கணியூரில் மாப்பிள்ளை பார்க்கிறவர்களிடமிருந்து தப்பி, அந்த வேலைக்கு வந்திருந்தேன். வெளிநாட்டு வாங்குநருக்கும் நம் தையல் மேசைக்கும் நடுவில் நிற்கிற வேலை. இங்கிருந்து சாம்பிள் போகும். அங்கிருந்து குறைகள் வரும். நான் அந்தக் குறைகளைப் படித்து, அவற்றை இங்கே உள்ளவர்கள் தலையில் இறக்கி வைப்பேன். நீ வேலை செய்த பிரிண்டிங் யூனிட் எங்களுக்குத்தான் பனியனில் படம் அடித்துக்கொண்டிருந்தது. வருகிற படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஃபிலிம் போட்டுக் கொடுப்பது உன் வேலை.

குழந்தைகள் பனியன் ஒன்று. ஒரு விண்கலம், சுற்றிலும் நட்சத்திரம். அடித்துக் காட்டிய சாம்பிளை மூலப் படத்தோடு வைத்து ஒப்பிட்டேன். நிறம் சரி, அளவு சரி. விண்கலத்தின் வட்ட ஜன்னலில் மட்டும் ஒரு பெண்ணின் முகம் இருந்தது. கொத்தமல்லி விதை அளவு. மூலத்தில் அது வெறும் ஜன்னல்.

"ஏனுங்க, இந்த ஜன்னல்ல ஒரு மூஞ்சி இருக்குதே. ஒரிஜினல்ல இல்லீங்களே?" என்று கேட்டேன்.

பிரிண்டிங் மாஸ்டர் உன்னைக் கூப்பிட்டார். மூக்குத்தி இல்லாத, எண்ணெய் வழிய வாரிய தலையோடு நீ வந்து நின்றாய். "காலியாக் கெடந்துச்சு மேடம். ஓட்டுததுக்கு ஆளு வேண்டாமா?" என்றாய்.

"ஏம்புள்ள, உன்னைய யாரு படம் போடச் சொன்னது? பிரிச்சுக் குடுன்னுதானே சொன்னேன்!" என்று மாஸ்டர் கத்தினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முகத்தை எடுத்துவிடச் சொல்லிக் குறிப்பு எழுதினேன். நம் அறிமுகமே நீ வரைந்த ஒன்றை நான் அழிக்கச் சொன்னதில்தான் தொடங்கியது. அன்று அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வெளியே வரும்போதுதான் பார்த்தேன். உன் மேசையில் படங்களைக் கீழிருந்து வெளிச்சம் போட்டுப் பார்க்கிற கண்ணாடிக்கு அடியில், பழுப்பு நிறத் தாளில் ஒரு காமிக்ஸ் பக்கம் கிடந்தது. எனக்குத் தெரிந்த பக்கம். கணியூரில் அண்ணனுக்கு வாங்கிய புத்தகங்களை அவனுக்கு முன்பாகவே படித்து முடிக்கிற பழக்கம் எனக்கு. அந்தப் பக்கத்தின் அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்று நான் சொன்னேன். நீ அதற்கு அடுத்த கட்டத்தைச் சொன்னாய். அதோடு மேடம் போய் அக்கா வந்தது.

நமக்குள் ஒத்துப்போன விஷயங்கள் குறைவு. காமிக்ஸ் கலரில் வர வேண்டும், நல்ல தாளில், பெரிய அளவில் வர வேண்டும் என்பது என் கட்சி. வெளிநாட்டில் அகலமாக வரைந்ததை நம்மூரில் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் அடித்து, பேச்சுக் குமிழிக்குள் எழுத்தை நெருக்கித் திணித்தால் அது கொலை என்பேன். நீ ஒப்புக்கொள்ளவே மாட்டாய்.

"கலரப் பிரிச்சுப் பிரிச்சு எனக்கு அதும்மேல உள்ள மரியாதயே போயிட்டுக்கா. நாலு புள்ளியப் பக்கத்துல பக்கத்துல வச்சா கண்ணு ஏமாந்துரும். கறுப்பு அப்பிடி ஏமாத்தாது. இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல."

நாயகர்களைப் பற்றி உனக்கு ஒரு கருத்து இருந்தது. "இவன் ஒரு நாளாவது வேலைக்குப் போயிருக்கானா? வில்லனப் பாருங்க. லேப் வச்சிருக்கான், ஆளு வச்சிருக்கான், சம்பளம் குடுக்கான். இவன் வந்து எல்லாத்தையும் ஒடச்சிட்டுப் போயிருதான்." இதை நீ சொன்ன நாளில் கேன்டீனில் எனக்குப் புரை ஏறியது.

ஞாயிறு மதியக் காட்சிக்குப் போவோம். தமிழ் பேசும் வெளிநாட்டுப் படங்கள். ரோபோ, வேற்றுக்கிரகவாசி, காலத்தில் முன்னும் பின்னும் போகிறவன். வரிசையில் பெரும்பாலும் நாம் இருவர்தான் பெண்கள். ஒருமுறை பின்னால் நின்ற ஒருவர், "அம்மிணி, குடும்பப் படம் எதுத்தாப்ல தியேட்டர்லீங்க" என்று பொறுப்பாகச் சொன்னார். நீ திரும்பி, "குடும்பத்த விட்டுட்டு வரத்தானே அண்ணே இங்க வாரோம்" என்றாய். அவர் படம் முடியும்வரை நம்மைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

படம் முடிந்து பழைய பஸ் ஸ்டாண்ட் வரை நடக்கும்போது சண்டை ஆரம்பிக்கும். கோடு போட்ட நோட்டு ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம், எண் போட்டுக் குறைகள். விண்வெளியில் காற்று இல்லை, அங்கே குண்டு வெடித்தால் சத்தம் கேட்காது. இதை எத்தனை படங்களுக்கு எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"சத்தம் இல்லன்னா தியேட்டர் ஜெனரேட்டர்தான்க்கா கேக்கும். அது பரவால்லயா?"

"அதுக்காக பொய் சொல்லலாமா புள்ள?"

"பூராவும் பொய்தானே. இந்த ஒரு பொய்யில என்ன கொறஞ்சு போச்சு?"

வேற்றுக்கிரகத்துக் கப்பல்கள் எல்லாம் ஏன் உயரமான கட்டடம் உள்ள ஊரில் மட்டும் இறங்குகின்றன என்று நீ கேட்பாய். இங்கே வந்தால் நொய்யலில் ஓடுகிற சாயத்தைப் பார்த்துவிட்டு, இது ஏற்கெனவே யாரோ பிடித்த கிரகம் என்று திரும்பிப் போய்விடும் என்பேன். நீ சிரிக்காமல் யோசிப்பாய். என் கிண்டல்களை நீ கதையாகக் கேட்டாய் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

அதேபோல் ஒருநாள், ரோபோக்கள் உலகைப் பிடிக்கிற ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நான் அதன் மின்கலக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது, நீ பாதியில் நின்று கேட்டாய். "இத்தன ஆயிரம் ரோபோ இருக்கே. இதுக்கெல்லாம் எண்ண போடுதது யாருக்கா? நம்ம கம்பெனியில ஒரு மெசினுக்கு ஒரு நாள் எண்ண போடலன்னா நூலு அறுந்து சாவுது. அந்த எண்ண போடுத பொம்பளையப் பத்தி ஏன் ஒருத்தனும் படம் எடுக்கல?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

ரசிகர் என்று சொல்லிக்கொள்கிற எங்கள் இனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் நல்லவர்கள் இல்லை. பிடித்தது எது என்று கேட்டால் ஒரு வரி சொல்வோம். பிடிக்காதது எது என்றால் விடிய விடியப் பேசுவோம். கண்டுபிடித்த குறையைப் பதக்கம்போலக் குத்திக்கொண்டு திரிவோம். அதைத்தான் அன்பு என்று நினைத்துக்கொள்வோம். நான் அதில் முதல் வரிசை. போதாதற்குக் குறை கண்டுபிடிப்பதே பிழைப்பு. வேலையிலும் அதுதான், ஞாயிற்றுக்கிழமையும் அதுதான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. நாம் படிக்கிற காமிக்ஸின் வாசகர் கடிதப் பக்கத்துக்குக் கீழே, கட்டம் கட்டி, ஐந்தாறு வரி. வெளிநாட்டுக் கதைகளையே வெளியிட்டுவந்தவர்கள், தமிழிலேயே எழுதி வரைந்த கதை ஒன்றைப் போட நினைப்பதாகவும், இருபத்து நான்கு பக்கத்துக்குள் அனுப்பலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். நீ அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாய். ஏழு மாதம் வரைந்தாய். விடுதி அறையில் மேசை கிடையாது. கட்டிலில் பலகை போட்டு, அதன்மேல் குனிந்து. கழுத்து வலிக்கு நீ பூசிய தைல வாசனை உன் துப்பட்டாவில் எப்போதும் இருந்தது. என்ன கதை என்று சொல்லவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பனியன் பெட்டி ஒன்றில் அடுக்கி எடுத்துவந்து என் சாம்பிள் அறை மேசையில் வைத்தாய். கெட்டி அட்டையில் வரைந்த மூலப் பக்கங்கள். அளவு பெரியது, நம்மூர் ஜெராக்ஸ் கடையில் கொள்ளாது. அந்த ஒரே பிரதிதான்.

"எல்லாத்துக்கும் முந்தி நீங்க பாத்துச் சொல்லணும்க்கா. மாசக் கடசிக்குள்ள போய்ச் சேரணும்."

"சனிக்கிழமை வாங்கிக்க புள்ள" என்றேன்.

'மூணு கை பனியன்.' இருநூறு வருடம் கழித்தும் திருப்பூர் திருப்பூராகவே இருக்கிறது. வேறொரு கிரகத்திலிருந்து ஓர் ஆர்டர் வருகிறது: மூன்று கை வைத்த பனியன். முதலில் சாம்பிள் அனுப்பச் சொல்கிறார்கள். ஒரு சாம்பிள் டெய்லர், பெண், தைத்து ராக்கெட்டில் அனுப்புகிறாள். ஒரு வருடம் கழித்துக் குறைகள் வருகின்றன. மூன்றாவது கை அரை இஞ்ச் குட்டை. மறுபடி தைக்கிறாள். அடுத்த வருடம், கழுத்து இறுக்கம். மறுபடி. அவளுக்குத் தலை நரைக்கிறது. யாருக்குத் தைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த மூன்று கைக்காரரை அவள் பார்த்ததே இல்லை. கம்பெனியில் எல்லோரும் அவளைக் கிண்டல் செய்கிறார்கள். அவள் மட்டும் தைக்கிறாள்.

கடைசிப் பக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் செய்தது இதுதான். என் மேசையில் எப்போதும் சிவப்பு அம்பு ரோல் ஒன்று இருக்கும். சாம்பிளில் குறை உள்ள இடத்தில் அம்பு ஒட்டி, எண் போட்டு, தனித் தாளில் அந்த எண்ணுக்கு நேரே குறையை எழுதுவோம். அதற்குக் கமெண்ட் ஷீட் என்று பெயர். உன் பக்கங்களுக்கும் அதையே செய்தேன். அட்டையின் மேலேயே. நீ மையிட்ட கறுப்பின் மேலேயே. நாற்பத்தொரு அம்பு.

மூன்றாம் பக்கம்: காற்றில்லாத இடத்தில் புகை சுருள்கிறது. ஆறாம் பக்கம்: ராக்கெட் ஜன்னல் முந்தைய கட்டத்தில் வலப்பக்கம் இருந்தது. பதினைந்தாம் பக்கம்: ஒளியின் வேகத்தில் வந்தாலும் செய்தி ஒரு வருடத்தில் வந்து சேராது. பன்னிரண்டாம் பக்கம்: இருநூறு வருடம் கழித்தும் அதே ஓவர்லாக் மெஷினா? ஒன்பதாம் பக்கம்: எடையில்லாத இடத்தில் ஜடை கீழே தொங்குகிறது. அந்த ஒன்பதாம் பக்கம் அவள் காணும் கனவு. கனவு என்று தெரிவதற்காகக் கட்டத்தின் ஓரங்களை நீ வளைத்து வரைந்திருந்தாய். அதை நான் கவனித்தேன். கவனித்தும் ஒட்டினேன்.

துணியில் அந்த ஸ்டிக்கர் தடமே இல்லாமல் உரிந்து வரும். ஆயிரம் முறை உரித்திருக்கிறேன். காகிதத்தில், மையில், என்ன செய்யும் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஒட்டி முடித்துப் பெட்டியை அயர்ன் மேசைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். நல்ல கோடை. நாள் முழுக்க நீராவி. ஐந்து நாள் அங்கே இருந்தது.

சனிக்கிழமை மதியம் நீ வந்தாய். புதுச் சுடிதார் போட்டிருந்தாய், அதை அன்று கவனிக்காமல் இன்று கவனிக்கிறேன். பெட்டியைத் திறந்தாய். ஏதோ வேலையாக அங்கே வந்திருந்த உங்கள் பிரிண்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்து, "என்னங்க மேடம், காகிதத்துக்கும் இன்ஸ்பெக்‌ஷனா? லாட்டே ரிஜெக்ட்டு போலிருக்குதே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நீ முதல் அம்பின் நுனியில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தாய். அம்போடு சேர்ந்து அட்டையின் மேல்தோல் வந்தது. இரவு வானம் என்று நீ அடர்த்தியாகப் பூசியிருந்த கறுப்பில் ஒரு வெள்ளை அம்பு. இருவரும் பார்த்தோம். இரண்டாவதை இன்னும் மெதுவாக இழுத்தாய். அதுவும் அப்படியே. அடுத்தது ஒரு முகத்தின் மேல் இருந்தது.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டச்-அப் பண்ணிக்கலாம் புள்ள. எப்படியும் இத்தனை கரெக்‌ஷன் இருக்குதே, திருப்பி வரையத்தானே வேணும்."

"சரிக்கா" என்றாய்.

மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. ஏழு மாத வேலை.

நீ கடைசிப் பக்கத்தைக் கையில் எடுத்தாய். அதில் அம்பு இல்லை. அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். காத்திருந்தாய். "அது ஓகே" என்று சொல்லிவிட்டு அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தேன் நான். பேசிவிட்டுத் திரும்பியபோது நீயும் இல்லை, பெட்டியும் இல்லை.

நீ அதை அனுப்பவில்லை. அந்த அறிவிப்பும் மறுபடி வரவில்லை. உன்னிடம் நான் கேட்கவும் இல்லை. கேட்டால் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கும் என்பதால்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். நீ என்னைத் திட்டியிருக்கலாம். உங்கள் ஊர்க்காரர்களுக்குத் திட்டத் தெரியாதா? தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நீ போட்ட சண்டையைக் கேட்டிருக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை? அடுத்த மாதமே "படத்துக்குப் போலாமா புள்ள?" என்று கூப்பிட்டேன். வந்தாய். அதன் பிறகும் இரண்டு வருடம் வந்தாய். ஒவ்வொரு படம் முடிந்ததும் கேட்பேன், எப்படி இருந்தது?

"நல்லாருந்துச்சுக்கா."

மோசமான படத்துக்கும் அதுதான். பாதியில் தூங்கிய படத்துக்கும் அதுதான். பஸ் ஸ்டாண்ட் வரை நான் மட்டும் பேசிக்கொண்டு வருவேன். வில்லன்களுக்காகப் பரிந்து பேசியவள், ரோபோவுக்கு எண்ணெய் போடுவது யார் என்று கேட்டவள், எனக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே இல்லாமல் போனாள். அந்த இரண்டு வருடம் நீ எனக்குக் கொடுத்த தண்டனைக்கு ஈடாக எந்தக் கெட்ட வார்த்தையும் இல்லை. பிறகு யூனிட்டில் ஆட்களைக் குறைத்தார்கள். உனக்கு ஊரில் கல்யாணம் பேசினார்கள். உடன்குடிப் பக்கம் போனாய். போகும்போது ஓர் ஓலைப் பெட்டியில் கருப்பட்டி கொடுத்தாய். "இங்கிட்டு வந்தா வாங்கக்கா" என்றாய். இரண்டு பேருக்குமே தெரியும், வர மாட்டேன் என்று.

காய்ச்சல் என்று ஆரம்பித்துப் பதினோரு நாளில் முடிந்துவிட்டதாம். எனக்குத் தெரிந்தது ஆறு மாதம் கழித்து. உன் தங்கை இங்கே ஒரு தையல் யூனிட்டில் இருக்கிறாள் என்பதே அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரியும். கையில் அந்தப் பனியன் பெட்டி.

"அவ பெட்டிக்கு அடியில கெடந்துச்சுக்கா. மாமா பழைய பேப்பருக்குப் போட்டுருன்னாவ. உள்ள ஒரு தாளுல ஒங்க பேரும் கம்பெனி பேரும் இருந்துச்சு. கம்பெனியில கேட்டு வீட்ட விசாரிச்சு வந்தேன். அதான் ஒருக்கா காட்டிட்டுப் போடலாம்னு."

கமெண்ட் ஷீட்டை நீ எறியவில்லை.

அவள் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். நாம் பார்த்த படங்களில் வளர்ந்த மனம் எனக்கு. ஏதாவது நடந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அம்புத் தழும்புகளை நட்சத்திரமாக மாற்றியிருப்பாய், கிழிந்த இடத்தில் புதிதாக ஏதாவது வரைந்திருப்பாய். இரண்டாம் பாதியில் அப்படித்தானே வரும். ஒன்றும் இல்லை. முதல் ஐந்து பக்கங்களில் நீ உரித்த இடங்கள் வெள்ளையாகவே இருந்தன. மற்றவற்றில் அம்புகள் ஒட்டியபடி இருந்தன. ஆறாம் பக்கத்தில் ஒன்றைத் தொட்டேன். உதிர்ந்து விழுந்தது. பசை காய்ந்துவிட்டது. பக்கத்தைச் சாய்த்தால் செதில்போல ஒவ்வொன்றாகக் கொட்டின. கீழே மஞ்சள் தடம் மட்டும். நீ வரைந்த ஒரு கோடுகூடக் கெடவில்லை. அவசரப்படாமல் பதினைந்து வருடம் விட்டிருந்தால் எந்தச் சேதமும் வந்திருக்காது. தரையில் உட்கார்ந்து அந்த அம்புகளைப் பொறுக்கினேன்.

பிறகு கமெண்ட் ஷீட். என் குண்டு குண்டான கையெழுத்து. பக்கம் இருபத்து நான்கு என்பதற்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன். அந்த வெற்றிடத்தில் உன் பென்சில் எழுத்து, பொடியாக.

'கடசிப் பக்கம் அக்கா பாக்கல போல.'

இப்போது என் மகள் போனில் பார்க்கிற படங்களில் செத்தவர்கள் அடுத்த பாகத்தில் திரும்பி வருகிறார்கள். வேறொரு காலத்திலிருந்து, வேறொரு பிரபஞ்சத்திலிருந்து, ஏதாவது ஒரு காரணம் சொல்லி. முன்பானால் அந்தக் காரணத்தில் உள்ள ஓட்டைகளை எண்ணியிருப்பேன். இப்போது எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். இருபது பாகம் எடுத்தாலும் ஒருவர்கூட முழுதாகச் சாகாத கதைகள். அவற்றை வெறுக்கிறேன். அது மட்டும்தான் இன்று என்னிடம் மிச்சமுள்ள கருத்து.

கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன் புள்ள.

திங்கட்கிழமை நீ கொடுத்துவிட்டுப் போன உடனே, சாப்பாட்டு நேரத்தில், சாம்பிள் அறையில் யாரும் இல்லாதபோது இருபத்து நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். கடைசிப் பக்கத்தில் கட்டம் இல்லை, எழுத்து இல்லை. தாள் முழுக்க ஒரே படம். கம்பெனி காலியாக இருக்கிறது. கிழவியாகிவிட்ட அந்த டெய்லர் தன் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தைத்த சாம்பிளை அவளே போட்டிருக்கிறாள். இரண்டு கை அவளுடையது. மூன்றாவது கை, தொங்க வேண்டிய வெறும் துணி, தொங்கவில்லை. அதற்குள்ளும் ஒரு கை இருக்கிறது. அது அவள் வலது கையைப் பிடித்திருக்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. நேரே நம்மைப் பார்க்கிறாள். விண்கலத்து ஜன்னலில் இருந்த அதே முகம். நான் எடுத்துவிடச் சொன்ன முகம்.

நான் அழுதேன். அயர்ன் போடுகிற அக்கா உள்ளே வந்துவிட்டார். "என்னாச்சுங் கண்ணு?" என்றார். ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அவர் போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் பக்கத்துக்குத் திரும்பிவந்து, அதன் பிறகுதான் அம்பு ரோலைக் கையில் எடுத்தேன்.

வேலைப் பழக்கத்தில் கை தானாகப் போனது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. பத்து வயதிலிருந்து படிக்கிறேன், ஒரு கட்டம் வரையத் தெரியாது. எண்ணெய் வழிந்த தலையோடு என்னை அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு அது வந்திருக்கிறது. அதை என்னால் தாங்க முடியவில்லை. இருபத்து மூன்று பக்கத்தில் குறை தேடினேன். கடைசிப் பக்கத்தில் தேடத் துணிவில்லை. எங்கள் மேசையில் அம்பு இல்லாத துணியைப் பார்த்து யாரும் நன்றாயிருக்கிறது என்று சொல்வதில்லை. அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவோம். உன்னையும் அப்படித் தள்ளினேன்.

நாற்பத்தொரு கேள்வி கேட்டேன். ஜன்னலைக் கேட்டேன், புகையைக் கேட்டேன், ஒளியின் வேகத்தைக் கேட்டேன். நீ எனக்காகக் காத்து நின்றபோது கேட்க வேண்டியிருந்தது ஒன்றுதான். அதைத்தான் இத்தனை வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். பஸ்ஸில், கம்பெனியில், இன்று இந்தப் பனியனை மடியில் வைத்துக்கொண்டு.

அந்த மூணாவது கை யாருது புள்ள?